ஏழாவது மெத்தைப் பஞ்சு

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசனை என்று யார்தான் உங்களுக்குச் சொல்லி வைத்தார்களோ! இது பட்டப்பகலில் நடந்தது. அக்கினி நட்சத்திர வெயிலில், மதியச் சோறு தின்றுவிட்டு ஊரே கண்ணயர்கிற நேரத்தில் நடந்தது. அனுபவித்தவர் கௌஸ் பாஷா, மெத்தைக்காரர். அவர் வாயில் பொய்யே வராது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். தொழில் என்றால் நாலு பொய் வேண்டும்தான். ஆனால் இதை நாலு பேரிடம் தனித்தனியாகச் சொன்னபோதும் மணிக்கணக்கு ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. கதை அளக்கிறவனுக்கு மணிக்கணக்கு நிற்காது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

காஞ்சிபுரத்திலிருந்து திருப்புட்குழி போகிற ரோட்டில் கோனப்பள்ளி ராஜா அரண்மனை இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி உற்சவத்துக்கு வந்து தங்குவதற்காக ஆந்திரப் பக்கத்து ராஜா ஒருவர் கட்டியது. பத்து நாள் தங்க இருபத்திரண்டு அறை! ராஜா என்றால் சும்மாவா? ஜமீன் போய், பேரன்மார் மெட்ராசில் குடியேறிய பிறகு அது பூட்டிக் கிடந்தது. வௌவால்தான் ராஜ்ஜியம் பண்ணிக்கொண்டிருந்தது. 1973-ல் பேரன்மார் அதை ஹோட்டலாக்கினார்கள். கோயில் பார்க்கவும் பட்டுப் புடவை வாங்கவும் வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ராஜா படுத்த கட்டிலில் ஒருநாள் படுக்க ஆசை இருக்காதா? அதுதான் யோசனை. கட்டில், கண்ணாடி, மெத்தை எல்லாம் பழசாகவே இருக்க வேண்டும், ஆனால் புதுசு மாதிரி இருக்க வேண்டும். மெத்தைக்கு கௌஸ் பாஷாவைக் கூப்பிட்டார்கள்.

பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிதட்டிய பஞ்சை வில்லால் அடித்துப் பொங்க வைத்து, திரும்பத் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. ஆள் உயர வில். அதன் நரம்பைப் பஞ்சுக்குள் விட்டுக் கட்டையால் தட்டினால், டொய்ங்... டொய்ங்... பஞ்சு மேகம் மாதிரி எழும்பும். அந்தத் தொழிலில் இரண்டு கட்டுப்பாடு. தையலைப் பிரிக்குமுன் ‘இதுல படுத்தவங்க யாரு, நல்லா இருக்காங்களா?’ என்று கேட்க வேண்டும். மெத்தையிலேயே உயிர் போயிருந்தால் அதைத் தொடக்கூடாது. இரண்டாவது, ஒரு மெத்தைப் பஞ்சை இன்னொரு மெத்தைப் பஞ்சோடு கலக்கவே கூடாது. முப்பது வருஷத்தில் பாஷா இரண்டையும் மீறியதில்லை.

அந்த மாதம் அவர் மனசு அவரிடம் இல்லை. மகள் சாயிரா பானு நிறைமாதமாக வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தாள். முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது, பிறந்து ஒரு மணி நேரம் மூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டது. இது மூன்றாவது. இதுவும் தங்காவிட்டால் பெண்ணைப் பெண்ணாகப் பார்க்க முடியாது என்று பாஷாவுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். தொழுகையில் உட்கார்ந்தால்கூட இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்ற ஒரு துஆதான் வாயில் வந்தது.

மே எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. அரண்மனைப் பின்கட்டுக் கூடத்தில் பன்னிரண்டு மெத்தைகள் அடுக்கி இருந்தன. மேனேஜர் சிட்டிபாபு டெரிலின் சட்டையும் கையில் சாவிக்கொத்துமாக நின்றார்.

“இதுல படுத்தவங்கல்லாம் யாரு சார்? நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார் பாஷா.

“ராஜா வூட்டு விருந்தாளிங்க. இது என்னய்யா கேள்வி?”

“கேக்கணும் சார். எங்க தொழில்ல வழக்கம்.”

“பழைய ஆளுன்னா பொன்னியம்மா ஒருத்திதான் இருக்குது. அதுவும் பொண்ணு வூட்டுக்கு மாகறல் போயிருக்குது. வர்றதுக்குப் பத்து நாளாவும். எனக்கு சனிக்கிழமை பம்பாய் பார்ட்டி வருது. முடியுமா, வேற ஆளைப் பாக்கட்டுமா?”

“முடிச்சுடலாம் சார்.”

“தனித்தனியா பண்ணிக்கினு உக்காராத. எல்லாம் ஒரே வூட்டுப் பஞ்சுதானே? ஒண்ணா கொட்டி அடி.”

பாஷா தலையை ஆட்டினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரனுக்கு அந்த மட்டும் கிடையாது. சீக்கிரம் முடித்தால் பெண்ணோடு வீட்டில் இருக்கலாம் என்பதுதான் அவர் நினைப்பு.

ஆறு மெத்தையைப் பிரித்தார். எல்லாம் நடுவில் அமுங்கி, சாதாரணமாக இருந்தன. ஏழாவது வேறு மாதிரி. நடுப்பகுதி நேற்றுத் தைத்தது போலப் பொம்மென்று இருந்தது. ஒரு விளிம்பு மட்டும், ஒன்றரைச் சாண் அகலத்துக்கு, கல்லாக இறுகிப் போயிருந்தது. யாரோ வருஷக்கணக்காக அந்த ஓரத்திலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள். இத்தனை அகலக் கட்டிலில் எதற்கு இப்படித் தொங்கிக்கொண்டு படுக்க வேண்டும்? ராஜா குறட்டை விட்டிருப்பார் என்று பாஷா தனக்குள் சிரித்துக்கொண்டார். கிழித்ததும் உள்ளேயிருந்து வசம்பும் பூண்டும் கலந்த வாசனை அடித்தது. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை. தன் வீட்டு நினைப்புதான் மூக்கில் ஏறிவிட்டது என்று நினைத்து, அந்தப் பஞ்சையும் குவியலில் கொட்டினார்.

பஞ்சு அடிக்கிற இடத்தில் காற்று நுழையக் கூடாது. ஜன்னல்களைச் சாத்தி, கதவையும் சாத்திக்கொண்டு வேலை செய்தார். பன்னிரண்டு இருபதுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வராந்தாவில் தொழுதுவிட்டு, கொண்டு வந்த சோற்றைத் தின்றார். திரும்பிக் கதவைத் திறந்தபோது கூடத்துக் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.

குவியலின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு ஆள் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்து எழுந்த அளவு. நாய் ஏதாவது வந்திருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. நாய் எப்படி வரும்? தாழ்ப்பாள் போட்டது அவரேதான்.

பள்ளத்தைக் கலைத்துவிட்டு வில்லை எடுத்தார்.

டொய்ங்... டொய்ங்...

மறுநாள் புதன்கிழமை. அன்றும் பன்னிரண்டு நாற்பது. அன்றும் அதே பள்ளம், அதே ஓரம். பாஷா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சிட்டிபாபு சிரிப்பார். வாய்க்குள் ஓதிக்கொண்டே அடித்தார். முந்தின ராத்திரி மகள் முதுகு வலிக்கிறது என்று தூங்கவிடவில்லை. இரண்டு மணிக்குக் கண் சொக்கியது. குவியலில் முதுகைச் சாய்த்தார்.

பஞ்சு இதமாக இருந்தது. காற்று இல்லை. கண் மூடியது.

மூச்சுச் சத்தம் கேட்டது.

தன் மூச்சுதான் என்று நினைத்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார்.

சத்தம் நிற்கவில்லை...

பின்கழுத்துக்குப் பக்கத்தில்... மெதுவாக... ஒரு பெண்ணின் மூச்சு.

“ஜருகு.”

நகரு என்று தெலுங்கில் சொன்னது. காஞ்சிபுரத்தில் அந்தச் சொல் தெரியாதவர் யார்?

அடுத்த நொடி ஒரு கை அவர் தோளைத் தள்ளியது.

ஐந்து விரல். எண்ணிச் சொல்லலாம்.

தரையில் உருண்டு விழுந்தார். எழுந்து திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கடிகாரத்தில் இரண்டு பத்து.

வியாழக்கிழமை கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு வேலை செய்தார். பஞ்சு பறந்தால் பறக்கட்டும் என்று விட்டுவிட்டார். மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டு மெத்தையும் தயார். அடித்த பஞ்சு பொங்கியதால் ஒரு சாக்கு மிச்சம் நின்றது. மிச்சம் மெத்தைக்காரருக்கு என்பது வழக்கம். பாஷா வேண்டாம் என்றார். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து சிட்டிபாபு அதை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார். வழியில் கொட்டிவிடலாம் என்று பார்த்தால், தெருமுனையிலேயே மனைவி ஜுபைதா தலைவிரி கோலமாக நிற்கிறாள்.

“என்னாங்க, வலி எடுத்துக்கிச்சு! ஓடிப் போய் மருத்துவச்சிய இட்டுக்கினு வாங்க!”

சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு இருபதுக்குப் பேரன் பிறந்தான். நல்ல குரல். மருத்துவச்சி, “புள்ள கெட்டிப்பா!” என்றாள். அல்லாவே என்று பாஷா தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, பேரன் காதில் பாங்கு சொல்ல உள்ளே போனார்.

குழந்தை புது மெத்தையில் கிடந்தது. முழ நீளத்தில், பூப்போட்ட சீட்டித் துணியில் தைத்த குட்டி மெத்தை.

“எப்படிக் கீது என் கைவேலை?” என்றாள் ஜுபைதா. “ராத்திரி முழுக்க உக்காந்துக்கினு என்னா பண்றது? உங்க சாக்குல இருந்த பஞ்சு. என்னா பஞ்சுங்க அது! பட்டு!”

பாஷா குனிந்து முகர்ந்து பார்த்தார், அதே வசம்பு வாசனை. பச்சை உடம்புக்காரி பக்கத்தில் எதைச் சொல்வது? வேறு மெத்தை தைத்துத் தருகிறேன் என்று பார்த்தார். அதிலிருந்து எடுத்தால் குழந்தை வீறிட்டது. வைத்தால் தூங்கியது. “சும்மா இருங்க, நல்லா தூங்கற புள்ளய எழுப்பிக்கினு!” என்று ஜுபைதா திட்டினாள்.

அதற்குப் பிறகு பாஷா வேலைக்குப் போகவில்லை. வில் சுவரில் தொங்கியது. மதியம் ஆனால் பிள்ளைக்காரி அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். எழுவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், திரும்ப உட்காருவார். வேளைக்குச் சோறு இறங்கவில்லை. நாளும் பன்னிரண்டு நாற்பதுக்குக் குட்டி மெத்தையின் ஓரம் அமுங்கும். ஒரு கையை மடித்துக் குழந்தையைச் சுற்றி வைத்த அளவுக்கு ஒரு பள்ளம். அவர் தட்டிச் சரி பண்ணுவார். திரும்பினால் மறுபடியும் அமுங்கியிருக்கும்.

குழந்தை அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கும். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை!

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பத்தாம் நாள். ஜுபைதா துணி துவைக்கப் போயிருந்தாள். சாயிரா குட்டி மெத்தையைத் தன் பாயோடு சேர்த்துப் போட்டு, பால் கொடுத்துக்கொண்டே படுத்திருந்தாள். பாஷா வாசலில்.

மணி இரண்டு பத்து.

“ஜருகு!”

இந்தத் தடவை சத்தமாக...

தொப்பென்று ஏதோ விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

ஒரு நொடி... இரண்டு நொடி... மூன்று...

குழந்தை வீறிட்டு அழுதது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சாயிரா பாயை விட்டு இரண்டு முழம் தள்ளி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மார்போடு அணைத்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தோளில் ஐந்து சிவப்புத் தடம்.

“யாரோ தள்ளிட்டாங்க அத்தா... தூக்கி வீசின மாதிரி...”

பாஷாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. என் பெண் மேலேயே கை வைத்துவிட்டாயா என்று கத்தினார். குட்டி மெத்தையையும் சாக்கில் மீதி கிடந்த பஞ்சையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். மண்ணெண்ணெய் ஊற்றிய பஞ்சு குபீரென்று எரிய வேண்டும். இது எரியவில்லை, அழுகிறவள் மாதிரி விட்டு விட்டுப் புகைந்தது. கொல்லை முழுக்க வசம்பு வாசனை. சாம்பலாகும்போது மணி மூன்று.

அன்று சாயங்காலமே அரண்மனைக்குப் போனார். சிட்டிபாபு அவரைப் பார்த்ததும் எகிறினார்.

“நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்! என்னா மெத்தை தைச்ச நீ? ஒரு கெஸ்ட்டும் மத்தியானத்துல படுக்க முடியல. நடுவுல படுத்தா ஓரத்துக்குத் தள்ளுதாம். பன்னிரண்டு ரூம்லயும் இதே கம்ப்ளெயின்ட்! பஞ்சைச் சரிவா அடைச்சிருக்க!”

பாஷா நேராகப் பின்கட்டுக்குப் போனார். மாகறலிலிருந்து அன்று காலைதான் வந்திருந்த பொன்னியம்மாள் அங்கே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, அரண்மனையிலேயே வளர்ந்தவள். அவளிடம் ஓரம் இறுகிய மெத்தையைப் பற்றிக் கேட்டார். பொன்னியம்மாள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள்.

“அதையாப்பா பிரிச்ச? அது சின்ன ராணி மெத்தையாச்சே! உற்சவத்துக்கு வந்த எடத்துல அவங்களுக்குப் புள்ள பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. பத்தாம் நாளு, மத்தியானம் பன்னண்டரைக்கு மேல படுத்தாங்க, பால் குடுத்துக்கினே அசந்து தூங்கிட்டாங்க. கை புள்ள மூஞ்சி மேல வுழுந்திருக்குது. தெரியல. ரெண்டு மணிக்கு மேல நான்தான் போய்ப் பாத்தேன்...”

கீழே போட்ட நாரை எடுத்து, விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள்.

“அதுக்கப்புறம் அவங்க ஊருக்கே போகலபா. இருவத்தாறு வருஷம் இங்கயேதான். கட்டில் ஓரத்துல படுப்பாங்க. நடுவுல புள்ளைக்கு எடம். எங்கள்ல யாரு பச்சப் புள்ளயப் பக்கத்துல போட்டுக்கினு கண்ணு அசந்தாலும் ஓடி வந்து தள்ளுவாங்க, ஜருகு ஜருகுன்னு. என்னயே ஒருவாட்டி கட்டில்லேர்ந்து தள்ளிட்டாங்க. அன்னிக்குத் தள்ளலன்னா மாகறல்ல இருக்குதே என் பொண்ணு, அது இல்ல. அந்த மெத்தையிலதான்பா அவங்க உசுரு போச்சு.”

பாஷா எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை. நேராகச் சாயிராவிடம் போனார்.

“மத்தியானம் நீ கீழ வுழுந்தப்போ புள்ள எப்படி இருந்தான்? மறைக்காம சொல்லும்மா.”

சாயிரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

“சொல்ல பயமா இருந்துச்சு அத்தா... நான் தூங்கிட்டேன். என் கைதான் அவன் மூக்கு மேல கிடந்திருக்குது. கீழ வுழுந்து எழுந்து பாக்கறேன், உதடு நீலமா இருக்குது. அசைவே இல்ல. முதுகுல ரெண்டு தட்டு தட்டினப்புறம்தான் அழுதான்...”

பாஷா தலையில் அடித்துக்கொண்டார். பேரனைக் காப்பாற்றியவளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். இனி யார் காவல்? அவர்தான். பகலும் ராத்திரியும் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் கண் மூடவில்லை.

நான்காம் நாள், வியாழக்கிழமை மதியம். ஜுபைதா அடுப்படியில் இருந்தாள். அறையில் சாயிரா, குழந்தை, பாஷா. சுவரில் சாய்ந்திருந்தவருக்குத் தலை தொங்கியது.

தோளில் ஒரு தள்ளு.

விழித்தார்.

தூக்கத்தில் புரண்ட சாயிராவின் கை, குழந்தையின் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது...

பாய்ந்து பிடித்தார்.

ஜுபைதா அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அறையில் வேறு ஆள் இல்லை. குழந்தைக்குக் கீழே இருந்தது மடித்துப் போட்ட பழைய புடவை. அதில் ஒரு துளி அரண்மனைப் பஞ்சு கிடையாது. ஆனால் புடவையின் ஓரம் அமுங்கியிருந்தது.

மணி இரண்டு பத்து.

வைகாசி கருட சேவைக்கு மறுநாள் கடைத்தெருவில் சிட்டிபாபு அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஆள் ஒரே சிரிப்பு.

“பாய், என்னா மந்திரம் போட்டீங்க? இப்ப ஒரு ரூம்லயும் கம்ப்ளெயின்ட் இல்ல. ரிஜிஸ்டரைப் பாத்தேன். இருபதாம் தேதிதான் கடைசி. அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேல பன்னிரண்டு மெத்தையும் கம்முனு கிடக்குது!”

அந்த மூன்று மணிக்குத்தான் கொல்லையில் குட்டி மெத்தை சாம்பலானது.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் சாயிரா குழந்தையோடு வாணியம்பாடிக்குப் புறப்பட்டாள். பாஷா ரயிலேற்றிவிடப் போனார். திருவிழாக் கூட்டம் மாதிரி கூட்டம். கதவில் ஆள் தொங்குகிறார்கள், நடைவழியில் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயிரா ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. ஒருவர் உட்காரப் போனார், என்னவோ நினைத்துக்கொண்டது போலத் தோளைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிட்டார். இன்னொரு அம்மாளும் அப்படியே.

வண்டி ஊதியது. சாயிரா ஜன்னல் வழியாகச் சிரித்தாள்.

“பாத்தியா அத்தா, இவ்ளோ கூட்டத்துல யாருமே பக்கத்துல உக்காரல. நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கறேன்.”

“நீட்டாதம்மா,” என்றார் பாஷா. “அந்த எடம் அப்படியே இருக்கட்டும்.”